கையால் செய்யும் சுவர் ஓடு: குளத்து மண் முதல் சாரல் விழாக் கடை வரை

திருநெல்வேலிப் பக்கத்தில் கிளேஸ் (சுட்டால் கண்ணாடி போல் படியும் பூச்சு) பூசிய சுவர் ஓட்டைக் கையால் செய்ய மண்ணுக்கும் பஞ்சமில்லை, வெயிலுக்கும் பஞ்சமில்லை. கெடுப்பது காற்றுதான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் இறங்கும் வறண்ட காற்று இன்னும் சுடாத பச்சை ஓட்டின் ஓரத்தை ஒரே பகலில் காயவைத்துவிடும், நடு மட்டும் ஈரமாகவே இருக்கும். ஓடு படகு மாதிரி நான்கு மூலையும் தூக்கிக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் சூளையைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் சூளைக்குள் போகும் முன்பே அந்த ஓடு கெட்டிருக்கும்.

இங்கே சொல்லியிருப்பதெல்லாம் 10 சென்டிமீட்டர் சதுர ஓட்டுக்கு. இந்த அளவில் கை பழகாமல் பெரிய ஓட்டுக்குப் போக வேண்டாம். இன்னொன்று, ‘ஆத்தங்குடிக் கல்லா?’ என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். அது கண்ணாடித் தகட்டின் மேல் வண்ண சிமெண்டு ஊற்றிச் செய்வது, சூளை ஏறுவதே இல்லை. இது சுட்ட மண். விலையும் வேலையும் வேறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மண்

சேரன்மகாதேவி பக்கத்துக் காருகுறிச்சி மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அங்கே வேளார்கள் சக்கரத்தில் ஏற்றுகிற மண்ணைப் பார்த்துக் கையில் பிசைந்து பழகுவதுதான் முதல் பாடம். ஆனால் பானை மண்ணை அப்படியே ஓட்டுக்கு எடுக்கக் கூடாது. பானை வளைவாக இருப்பதால் சுருக்கத்தைத் தாங்கிக்கொள்ளும், தட்டையான ஓடு தாங்காது. நீங்களே குளத்தில் மண் எடுப்பதானால் வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மண்பாண்டத் தொழிலுக்குக் குளத்து மண் எடுக்க வழி இருக்கிறது.

மண்ணை முதலில் சோதித்துப் பாருங்கள். காய்ந்த கட்டியில் பத்துச் சொட்டு வினிகர் விட்டால் நுரை பொங்குகிறதா? பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. தாழையூத்துச் சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான் சங்கர் நகரில் சிமெண்டு ஆலையே வந்தது. அந்தச் சுற்றுவட்டாரக் கரம்பையில் சுக்கான் கல் துணுக்கு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அது சூளையில் சுட்ட சுண்ணாம்பாக மாறி, வெளியே வந்தபின் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். ஓட்டின் முகத்தில் காசளவு சில்லு பெயர்ந்து, அடியில் வெள்ளைப் புள்ளி தெரியும். சூளையிலிருந்து இறக்கி இரண்டு வாரம் கழித்துக்கூட இது நடக்கும், அதாவது ஓடு வாங்கினவர் வீட்டுக்குப் போன பிறகு. லேசாக நுரைக்கிற மண்ணை 60 மெஷ் (அங்குலத்துக்கு 60 கண்) சல்லடையில் கரைத்து வடித்தால் பிழைக்கும். பொங்கி வழிகிற மண்ணை விட்டுவிடுங்கள்.

பக்குவப்படுத்தும் முறை இதுதான். மண்ணை முழுக்கக் காயவைத்து உடைத்துத் தண்ணீரில் போடுங்கள். ஈர மண் கரையவே கரையாது, காய்ந்த மண் ஒரு மணி நேரத்தில் தானே உதிரும். ஒரு நாள் ஊறியதும் கலக்கி, 60 மெஷ்ஷில் வடித்து, தெளிந்த நீரை இறுத்துவிட்டு, கூழைச் செங்கல் தரையில் துணி விரித்துக் கொட்டுங்கள். கடலோரப் பக்கம் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ பிடித்து வையுங்கள். உப்பு, ஈரத்தோடு மேலே ஏறி ஓட்டின் முகத்தில் வெள்ளையாகப் பூக்கும், கிளேஸ் அங்கே பிடிக்காது. கடல் மணல் சேர்க்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

கூழ் இறுகி வரும்போது சுட்ட ஓட்டுப் பொடி கலக்க வேண்டும். உடைந்த பானையையோ நாட்டு ஓட்டையோ இடித்து, 30 மெஷ்ஷில் சலித்து, காய்ந்த மண் 4 கிலோவுக்கு 1 கிலோ என்று சேருங்கள். ஏற்கெனவே சுருங்கி முடிந்த மண் என்பதால் இது ஓட்டின் மொத்தச் சுருக்கத்தைக் குறைக்கும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியும் விடும். இடிக்கும்போது முகமூடி கட்டாயம், சாதாரணத் துணி போதாது, என்-95 வகை வேண்டும். பட்டறையை எப்போதும் ஈரத் துணியால் துடையுங்கள், விளக்குமாறு எடுக்காதீர்கள். மண் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் தங்கிவிட்டால் வெளியே வராது. கலந்த மண்ணைப் பாலித்தீனில் சுற்றி இரண்டு வாரமாவது கிடப்பில் போடுங்கள். கிடந்த மண் வளைக்கும்போது விரிசல் விடாது.

சுருக்கக் கணக்கு

ஒரு பட்டையில் சரியாக 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு கீறிக் காயவைத்துச் சுட்டு, மறுபடி அளந்து பாருங்கள். 9 சென்டிமீட்டர் இருந்தால் சுருக்கம் 10 விழுக்காடு. இதற்கு 10 விழுக்காடு கூட்டி 11 என்று வெட்டுவார்கள். அது தப்பு. 10-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும், 11.1 வரும். ஒரு ஓட்டில் இந்த ஒரு மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, இருபது ஓட்டு வரிசையில் இரண்டு சென்டிமீட்டர் குறையும். மண் மாறும்போதெல்லாம் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

அளவு தெரிந்துகொள்ள: 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பதித்தால் ஒரு சதுர அடிக்கு ஒன்பது ஓடு போதும். அடுப்பங்கரைச் சுவரில் 20 சதுர அடி என்றால் 180. பழகும் காலத்தில் நான்கில் ஒன்று போய்விடும் என்று வைத்துக்கொண்டு 240 வெட்டுங்கள். ஓட்டுக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல் ஈர மண் பிடிக்கும், வெட்டி மிஞ்சும் விளிம்பையும் சேர்த்து 240 ஓட்டுக்கு 80 கிலோ மண் கையில் இருக்க வேண்டும்.

தட்டுவது, வெட்டுவது

பலகையில் கித்தான் துணியை விரித்து, இரு பக்கமும் 11 மில்லிமீட்டர் கனமுள்ள மரச் சட்டம் வைத்து, நடுவில் மண்ணைப் போட்டு உருளையால் தேய்க்க வேண்டும். ஒரே திசையில் தேய்த்தால் மண் அந்தத் திசையிலேயே நீண்டு, காயும்போது திரும்ப இழுக்கும். நாலு இழுப்புக்கு ஒரு தடவை மண்ணைக் கால் வட்டம் திருப்பிப் புரட்டுங்கள். தேய்த்த தகட்டை ஓரத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு தடவை வளைந்த மண், நீங்கள் நிமிர்த்தி வைத்தாலும் சூளையில் அந்த வளைவுக்கே போகும். துணியோடு சேர்த்து எடுத்து, மேலே இன்னொரு பலகை வைத்துக் கவிழ்ப்பதுதான் வழி.

உடனே வெட்டாதீர்கள். நகம் பட்டால் கோடு விழ வேண்டும், விரல் அழுத்தினால் குழி விழக் கூடாது. அந்தப் பதத்தில், 11.1 சென்டிமீட்டர் தகர வார்ப்பை வைத்து மெல்லிய கத்தியால் வெட்டுங்கள். விளிம்பை ஈர விரலால் ஒரு முறை அழுத்தி விடுங்கள், பிசிறு போகும், ஓரத்தில் கிளேஸும் நிற்கும். பின்பக்கம் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் நாலைந்து கோடு கீறுவது சிமெண்டு பிடிக்க மட்டுமல்ல, இரு முகமும் ஒரே வேகத்தில் காயவும்தான்.

புடைப்புச் சித்திரம் வேண்டுமானால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு. 700 மில்லி தண்ணீரில் 1 கிலோ பிளாஸ்டரைத் தூவி, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, கையால் அடியில் மெதுவாகக் கலக்கி ஊற்றுங்கள். அச்சு ஒரு வாரமாவது காய வேண்டும். அதன் ஓரம் உதிர்ந்து மண்ணில் விழுந்தால், சுக்கான் கல் செய்த வேலையை அதுவும் செய்யும். அந்த மண்ணை ஓட்டுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். எதை அச்சாக்குவது என்பது உங்கள் விருப்பம். புள்ளிக்கோலமும் பத்தமடைப் பாய் ஓரத்துக் கட்டமும் நான்கு ஓடு சேர்ந்தால் தொடரும்படி வரைய எளிது. யானையும் மயிலும் எல்லாக் கடையிலும் கிடக்கிறது.

காயவைத்தல்

இதில்தான் பொறுமை வேண்டும். ஓட்டுக்குக் கீழே சிமெண்டு போர்டு, மேலே இரண்டு தாள் பழைய செய்தித்தாள், அதற்கு மேல் இன்னொரு போர்டு, மறுபடி ஓடு என்று நான்கு அடுக்கு வரை அடுக்கலாம். தினமும் தாளை மாற்றி, ஓட்டைப் புரட்டி, மேல் அடுக்கைக் கீழே கொண்டுபோங்கள். போர்டு ஈரத்தை இரு பக்கமும் ஒரே சீராக உறிஞ்சும், அதன் எடை மூலையைத் தூக்கவிடாது. மாசி, பங்குனியில் ஏழு நாளில் முடியும். ஆனி, ஆடியில் ஜன்னலை மூடி, அடுக்கின் நான்கு பக்கத்தையும் பாலித்தீனால் சுற்றிப் பத்து நாள் இழுக்க வேண்டும், அவசரப்பட்டால் பாதி வளையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு நேர் எதிர். பதினைந்து நாளானாலும் கன்னத்தில் வைத்தால் குளிரும். குளிர்கிற ஓட்டைச் சூளையில் வைக்கக் கூடாது. தென்காசி, குற்றாலம் பக்கம் பட்டறை வைத்தால் சாரல் மாதங்களிலும் இதே கதைதான்.

சிவப்பு மண்ணின் மேல் நிறம் எடுபட வெள்ளை மண் குழம்பு பூச வேண்டும். சைனா கிளே 40, பால் கிளே (ball clay, நன்றாக இழுபடும் களிமண்) 30, குவார்ட்ஸ் பொடி 20, ஃபிரிட் (உருக்கிப் பொடித்த கண்ணாடி) 10 என்ற பங்கில் கரைத்து, வெட்டிய அதே பதத்தில் தூரிகையால் இரண்டு பூச்சு. முழுக்கக் காய்ந்த ஓட்டில் பூசினால் உரிந்து வரும், ஏனென்றால் ஓடு சுருங்கி முடிந்திருக்கும், குழம்பு இனிமேல்தான் சுருங்கும்.

சூளை

நாட்டுச் சூளையில் விறகும் வைக்கோலும் போட்டு எரித்தால் பானை வேகும், கிளேஸ் உருகும் அளவுக்குச் சீரான சூடு வராது. மின் சூளை வேண்டும். உள்ளளவு 45 சென்டிமீட்டர் கனச் சதுரமுள்ள 8 கிலோவாட் சூளை தொடங்கப் போதும். மும்முனை இணைப்பு கேட்கும், இதை மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே பேசிவிட்டுச் சூளைக்கு முன்பணம் கொடுங்கள். ஒரு தட்டில் ஓட்டுக்கு ஓடு 1 சென்டிமீட்டர் விட்டால் 16, ஐந்து தட்டில் 80. தட்டின் மேல் அலுமினா ஹைட்ரேட்டும் சைனா கிளேயும் சமபங்கு கரைத்துப் பூசிவையுங்கள், வழிந்த கிளேஸ் தட்டோடு ஒட்டாது.

முதல் வேக்காட்டில், அதாவது கிளேஸ் பூசும் முன் சுடும்போது, 90 டிகிரியில் மூடியைச் சற்றே திறந்து மூன்று மணி நேரம் வையுங்கள். தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகி வெளியேற இடமில்லாமல் ஓட்டை வெடிக்கவைப்பது இந்தக் கட்டத்தை அவசரப்படுத்தினால்தான். பிறகு 200 வரை மணிக்கு 60 டிகிரி, 600 வரை மணிக்கு 80 முதல் 100. களிமண்ணோடு பிணைந்த நீர் இந்த இடைவெளியில் பிரியும், 573 டிகிரியில் குவார்ட்ஸ் சட்டென்று பருக்கும். 600 தாண்டியதும் மணிக்கு 150 வீதம் 1020 வரை போகலாம். மொத்தம் பன்னிரண்டு மணி நேரம், 50 முதல் 60 யூனிட் மின்சாரம். ஆறும்போதும் அதே 573-ஐக் கடக்க வேண்டும், ஆகவே 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை மூடியைத் தொடாதீர்கள். ஆசைப்பட்டு 300-இல் திறந்தால் ஒரு ‘டிக்’ சத்தம் கேட்கும், ஓட்டின் குறுக்கே கூரான விளிம்போடு நேர்க்கோட்டு விரிசல். காயும்போது விழுந்த விரிசல் வாய் பிளந்து, ஓரத்திலிருந்து உள்ளே ஓடும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

மின்தடை வந்தால் பதற வேண்டாம். மூடியைத் திறக்காமல் விட்டு, மின்சாரம் வந்ததும் விட்ட சூட்டிலிருந்து ஏற்றுங்கள். சூட்டை மீட்டரில் மட்டும் நம்பாமல் தட்டுக்கு ஒரு கோன் (குறிப்பிட்ட வேக்காட்டில் வளைந்து சாயும் சின்னக் கூம்பு) வையுங்கள். சூடு எவ்வளவு என்பதை மீட்டர் சொல்லும், மண் எவ்வளவு வெந்தது என்பதைக் கோன்தான் சொல்லும்.

உங்கள் மண்ணுக்கு 1020 சரியா என்று பார்க்க 950, 1000, 1040 என மூன்று சூட்டில் தனித்தனியாகச் சுட்டுப் பாருங்கள். சுட்ட ஓட்டை எடை போட்டு, இரண்டு மணி நேரம் வேகவைத்து, துடைத்து மறுபடி எடை போடுங்கள். கூடிய எடை 12 முதல் 15 விழுக்காடு என்றால் சுவருக்கு நல்லது. 20 தாண்டினால் வேக்காடு போதவில்லை. உப்பி, கருத்து வந்தால் சூடு மிஞ்சிவிட்டது.

கிளேஸ்

ஈயமில்லா ஃபிரிட் 85, சைனா கிளே 13, பென்டோனைட் 2. இது நிறமில்லாத அடிப்படை. 950 முதல் 1000 டிகிரியில் உருகும் ஃபிரிட் என்று கேட்டு வாங்குங்கள். உத்தரப் பிரதேசத்துக் குர்ஜா, குஜராத்து மோர்பி வியாபாரிகள் லாரி பார்சலில் அனுப்புவார்கள். விருத்தாசலம் பீங்கான் தொழில் ஊர், அங்கும் விசாரிக்கலாம். மலிவாகக் கிடைக்கிறது என்று ஈய ஃபிரிட்டைத் தொடாதீர்கள். 1 கிலோ பொடிக்கு 800 முதல் 900 மில்லி தண்ணீர், 80 மெஷ்ஷில் இருமுறை வடித்தல். மேற்கொண்டு கோபால்ட் ஆக்சைடு 1 விழுக்காடு சேர்த்தால் ஆழ்ந்த நீலம், காப்பர் கார்பனேட் 3 சேர்த்தால் பச்சை, சிவப்பு இரும்பு ஆக்சைடு 6 சேர்த்தால் தேன் பழுப்பு, ஜிர்கான் 10 சேர்த்தால் ஊடுருவாத வெள்ளை. இவை எல்லாம் வாய்க்குள் போகக் கூடாதவை. கலக்கும் ஏனம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. இரண்டாம் வேக்காடு நடக்கும் அறையில் யாரும் படுக்கக் கூடாது.

ஓட்டை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுப் பூசுங்கள். தூசியோ கை எண்ணெயோ இருந்தால் அந்த இடத்தில் கிளேஸ் சுருண்டு விலகி, மண் தெரியும். அடிப்பக்கத்தையும் விளிம்பின் கீழ் 3 மில்லிமீட்டரையும் துடைத்து எடுத்துவிட்டு, ஒன்றோடொன்று தொடாமல் ஒரே வரிசையாக அடுக்கி 980 டிகிரிக்குச் சுடுங்கள். முதல் வேக்காட்டைவிட இது குறைவாக இருப்பது வேண்டுமென்றே. ஓட்டிலிருந்து வாயு எல்லாம் முதலிலேயே போயிருந்தால் கிளேஸில் ஊசித் துளை விழாது.

நம் சமையலறைக்கு ஒரே ஒரு சோதனை முக்கியம். ஓட்டை வெந்நீரில் கொதிக்கவிட்டுப் பச்சைத் தண்ணீரில் போட்டு எடுங்கள். ஐந்து முறை இப்படிச் செய்தபின் மஞ்சள் தூளை எண்ணெயில் குழைத்துத் தடவி, ஒரு மணி நேரம் கழித்துக் கழுவுங்கள். வலை வலையாக மஞ்சள் கோடு தெரிந்தால் கிளேஸ் மயிர்க்கோடு விட்டிருக்கிறது. ஆறும்போது கிளேஸ் ஓட்டைவிட அதிகம் சுருங்குவதால் வருவது இது. குவார்ட்ஸ் பொடி 3 முதல் 5 விழுக்காடு கூட்டினால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் அந்தக் கிளேஸை அலங்காரச் சுவருக்கு வையுங்கள், அடுப்புக்குப் பின்னால் வேண்டாம்.

எந்த மாதம் எதற்கு

ஓடு விற்பது வீடு குடிபுகுகிற மாதங்களில். தை, வைகாசி, ஆவணி. ஆடி, புரட்டாசி, மார்கழியில் பால் காய்ப்பு இருக்காது. ஆக, மாசி, பங்குனியில் காய்கிற நல்ல பருவத்தில் வைகாசிக்கும் ஆவணிக்கும் சேர்த்துப் பச்சை ஓடு செய்து முதல் வேக்காட்டை முடித்து அடுக்கி வைத்துவிடுங்கள். சுட்ட ஓடு எத்தனை வருடம் வேண்டுமானாலும் கிடக்கும். நிறமும் கிளேஸும் ஆர்டர் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். தைக்கு வேண்டியதைப் புரட்டாசிக்குள், மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

கடை விரிப்பது வேறு கணக்கு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தின்போது ரதவீதியிலோ, பாளையங்கோட்டைத் தசராவில் சப்பரம் நிற்கும் இரவிலோ இடம் பிடித்தால் கூட்டம் அலைமோதும், ஆனால் அது நின்று ஓடு பார்க்கிற கூட்டமல்ல. வளையலும் பொரியும் விற்கிற இடத்தில் வாடகை கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். குற்றாலம் சாரல் விழாச் சமயத்தில் வருகிறவர்கள் கையில் தூக்கிப்போகிற சாமான்தான் வாங்குவார்கள். காந்தம் ஒட்டிய 5 சென்டிமீட்டர் ஓடு, டம்ளர் வைக்கிற ஓடு, நான்கு ஓடு கொண்ட சின்னப் பெட்டி. அட்டைப்பெட்டி சாரலில் ஊறிப்போகும், பிளாஸ்டிக் கூடையில் கொண்டுபோங்கள். புத்தகத் திருவிழாவும் மகளிர் குழுக் கண்காட்சியும் நடக்கிற திடல்தான் ஆர்டர் பிடிக்க ஏற்றவை, அங்கே ஆட்கள் நிதானமாக நிற்பார்கள். நவராத்திரிக்கு முன் நடக்கும் கொலுப் பொம்மைக் கண்காட்சியையும் விடாதீர்கள். மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை இருந்தால் அரசுக் கண்காட்சிகளில் இடம் கேட்க உதவும். தேதியும் இடமும் மாவட்ட நிர்வாகம் வருடா வருடம் அறிவிக்கும்.

கடையில் ஓட்டைப் படுக்கப் போட்டு வைத்தால் யாருக்கும் புரியாது. 2 அடிக்கு 2 அடி பிளைவுட்டில் ஓடு பதித்து, இடைவெளி சாந்தும் பூசிய மாதிரிப் பலகை ஒன்று நிறுத்துங்கள். அதுதான் விற்கும். பொதியும்போது இரண்டு ஓட்டை முகத்தோடு முகம், நடுவில் தாள், செங்குத்தாக நிறுத்தி அடுக்குங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடி ஓடுகள்தான் உடையும். ஒரு பெட்டிக்கு 40 ஓடு, எட்டுக் கிலோ, அதற்கு மேல் வேண்டாம்.

பெயர்ப் பலகை ஆர்டர் நிறைய வரும். 20-க்கு 30 சென்டிமீட்டரில் ஒரே ஓடாகச் செய்ய ஒத்துக்கொள்ளாதீர்கள், வளையும். ஆறு 10 சென்டிமீட்டர் ஓட்டில் பிரித்து எழுதிச் சேருங்கள். எழுத்தை வாட்ஸ்ஆப்பில் அவர்களே தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். இன்ஷியல், ஒற்று, வீட்டு எண் எல்லாம் அதில் இருக்கட்டும். சுட்ட எழுத்தைத் திருத்த முடியாது. பாதிப் பணம் முன்னால், செய்து கொடுக்க முப்பது நாள் கெடு. மூன்று வாரத்தில் முடிந்துவிடும், மீதி நாள் கெட்டுப்போகிற ஓட்டுக்காக.

கொடுத்தனுப்பும்போது கொத்தனாருக்கு ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். சிமெண்டுச் சாந்தில் பதிப்பதானால் ஓட்டை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நீர் வடிந்தபின் பதிக்க வேண்டும், இல்லையென்றால் ஓடு சாந்தின் ஈரத்தைக் குடித்துவிட்டுப் பிடிக்காமல் விழும். டைல் பசையில் பதித்தால் ஊறவைக்க வேண்டாம், தூசி துடைத்தால் போதும். இடைவெளி 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, கை ஓட்டின் விளிம்பு நூல் பிடித்த மாதிரி இருக்காது. தரையிலும் குளியலறைத் தொட்டியிலும் பதிக்கக் கூடாது. நடந்தால் கிளேஸ் தேயும், தண்ணீர் தேங்கினால் பின்பக்கமாக ஏறும். மீந்த ஓட்டில் குறைந்தது பத்து, வாங்கினவர் வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்த வேக்காட்டில் அதே நீலம் அப்படியே வராது.